மாமனாரின் நிலமும் பைபிளுக்குள் வைத்த சம்மனும்

கேள்வி: எனக்கு வந்தவாசிப் பக்கம் சொந்த ஊர். கணவர் அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத்தவர். அட்லாண்டாவில் இருக்கிறோம். மாமனாருக்கு 74 வயது. ஜார்ஜியாவின் தென்மேற்கில் 84 ஏக்கரில் மல்லாட்டையும் (வேர்க்கடலை) பருத்தியும் மாற்றி மாற்றிப் போடுகிறார். அவருடைய தாத்தா பைன் காட்டில் மரப்பிசின் வடிக்கும் வேலை பார்த்து, சேர்த்த காசில் 1913-ல் வாங்கிய நிலம். தாத்தா 1938-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருக்கு ஏழு பிள்ளைகள். பத்திரம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. நாற்பது வருடமாக வரி கட்டுவது மாமாதான். (நான் அவரை ‘மாமா’ என்றே கூப்பிடுவேன். அங்கே அது அம்மாவைக் கூப்பிடும் சொல் என்பதால் சர்ச்சில் எல்லோரும் சிரிப்பார்கள்.) போன வாரம் ஷெரிஃப் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து கோர்ட் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். டெட்ராய்ட்டில் இருக்கும் மாமாவின் அத்தை மகன் ஒருவர் தன் பங்கை ஒரு கம்பெனிக்கு விற்றிருக்கிறார். மொத்த நிலத்தையும் விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி அந்தக் கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. மாமா அதைப் படித்துப் பார்த்துவிட்டு பைபிளுக்குள் வைத்து மூடிவிட்டார். ‘உயில் இல்லாத நிலத்தை யாராலும் விற்க முடியாது’ என்கிறார். வக்கீல் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து வயலுக்குப் போய்விடுகிறார். நான் வீட்டுக்கு வந்த மருமகள், அதுவும் வெளிநாட்டுக்காரி. இதில் நான் வாய் திறக்கலாமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில், பதில் தாக்கல் செய்ய எத்தனை நாள் கெடு என்று அந்தத் தாளில் பாருங்கள். ஜார்ஜியாவில் சாதாரண சிவில் வழக்குக்குத் தாள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். பாகப்பிரிவினை மனு எந்த வழியில் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது குறையவும் கூடும். எனவே தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. மாமா பைபிளைத் தொட விடவில்லை என்றால் சண்டை போடாதீர்கள். வழக்குக் கட்டு பொது ஆவணம். உங்கள் கணவர் அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) சுப்பீரியர் கோர்ட் கிளார்க் அலுவலகத்துக்குப் போனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டி நகல் வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

மாமா நினைப்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அவர் அப்படி நினைப்பதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 1913-ல் தென்ஜார்ஜியாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குக் கவுண்டி கோர்ட் என்பது எப்படிப்பட்ட இடம் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் இருந்தவர்களில் பெரும்பாலோர் வாரக் குடிகள், அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுதவர்கள். விதை, உரம், மாவு, துணி எல்லாம் முதலாளி கடையில் கடன். அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்ப்பார் முதலாளி. கணக்கு நோட்டும் அவரிடம், பேனாவும் அவரிடம். தாளில் கைநாட்டு வைத்துவிட்டு நிலத்தை இழந்த கதை எல்லா வீட்டிலும் இருந்தது. அந்தக் காலத்தில் சொந்த நிலம் வாங்கியவர் உயில் எழுத வெள்ளைக்கார வக்கீல் வீட்டுப் படியேறாமல் இருந்ததில் வியப்பில்லை. ‘எல்லாருக்கும் சேர்த்து விட்டுவிட்டுப் போகிறேன், ஒருத்தனால் விற்க முடியாது’ என்று நினைத்திருப்பார். அந்தப் பக்கத்தில் இதற்கு ‘எயர் ப்ராப்பர்ட்டி’ என்றே பெயர். வாரிசுச் சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டிவனத்தில் ஜூனியர் வக்கீலாக இருந்த காலத்தில் இதே பேச்சை வேறு மொழியில் கேட்டிருக்கிறேன். ‘பட்டா தாத்தா பேர்ல இருக்கிற வரைக்கும் எவனும் தொட முடியாது சார்’ என்பார்கள். அதுவும் தப்புதான். ஆனால் நம் ஊரில் வழக்கு முடிவதற்குள் வழக்குப் போட்டவரே அலுத்துப்போய்ச் சமாதானத்துக்கு வந்துவிடுவார். ஜார்ஜியாவில் அந்த வசதி கிடையாது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன். உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் வாரிசுகள் அத்தனை பேருக்கும் பிரிபடாத பாகமாகப் போகிறது. ஏழு பிள்ளைகளுக்கு ஏழில் ஒரு பங்கு. அந்தத் தாத்தாவின் மனைவியும் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பாகமும் அதே ஏழு பேருக்குத்தான். உங்கள் மாமாவும் அவருடன் பிறந்தவர்களும் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால், அவர் பங்கு இருபத்தொன்றில் ஒன்று, அதாவது 4 ஏக்கர் அளவு. 84 ஏக்கரையும் ஆயுசு முழுக்க உழுதவருக்குச் சட்டப்படி நாலு ஏக்கர். நாற்பது வருட வரி ரசீது நிலத்தை அவர் பெயருக்கு மாற்றாது. கட்டிய வரியில் மற்றவர்கள் பங்கைத் திரும்பக் கேட்க அது உதவும், அதனால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். டெட்ராய்ட் அத்தைக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் அந்த மகனின் பங்கு முப்பத்தைந்தில் ஒன்று. 2.4 ஏக்கர். அந்த 2.4 ஏக்கரைக் கையில் வைத்துக்கொண்டு 84 ஏக்கரையும் விற்கச் சொல்லிக் கேட்க அந்தக் கம்பெனிக்கு உரிமை உண்டு. பங்கு எவ்வளவு சின்னது என்று யாரும் கேட்க மாட்டார்கள். (இது தோராயக் கணக்கு. ஒவ்வொருவரும் இறந்தபோது எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படி விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு மாறும். சரியான கணக்கை உங்கள் வக்கீல் போடுவார்.)

அந்த மகன் மேல் கோபப்படாதீர்கள். அத்தை ஒரு காலத்தில் ரயிலேறி வடக்கே போயிருப்பார். 1910-லிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டுப் போனார்கள். சின்ன வயதில் ஒரு கோடை விடுமுறைக்கு வந்து பார்த்த நிலம் அது. ஒருநாள் வீட்டுக்குக் கடிதம் வருகிறது, ‘உங்களுக்கு ஜார்ஜியாவில் ஒரு துண்டு நிலப் பங்கு இருக்கிறது, இவ்வளவு டாலர் தருகிறோம்’ என்று. அவருக்கு அது வானத்திலிருந்து விழுந்த காசு. அவரிடம் நிலத்தைப் பற்றி அந்தக் கம்பெனிதான் முதலில் பேசியது என்பதுதான் எனக்கு வருத்தம். உங்கள் வீட்டில் இருந்து யாராவது ஒருவர் முன்பே பேசியிருந்தால் இந்தத் தாளே வந்திருக்காது.

இப்படிப் போன நிலம் கொஞ்சநஞ்சம் இல்லை. 1910 வாக்கில் கறுப்பின விவசாயிகளிடம் சுமார் ஒன்றரைக் கோடி ஏக்கர் இருந்தது. 1920 கணக்கெடுப்பில் சொந்த நிலக்காரரும் வாரக் குடியுமாக 9.25 லட்சம் கறுப்பின விவசாயிகள். 2022 விவசாயக் கணக்கெடுப்பில் அமெரிக்கா முழுவதும் 47 ஆயிரத்துக்கும் குறைவு. எல்லாவற்றுக்கும் வாரிசுச் சொத்துதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அடியும் மிரட்டலும் இருந்தன, கடன் மறுப்பு இருந்தது, 1915 வாக்கில் ஜார்ஜியாவுக்குள் நுழைந்த பருத்திக் காய்க்கூன்வண்டும் இருந்தது. (அந்த வண்டு பருத்தியை அழித்ததால்தான் அந்தப் பக்கம் வேர்க்கடலை பெருகியது. பக்கத்து அலபாமாவில் என்டர்பிரைஸ் என்ற ஊரில் 1919-ல் அந்த வண்டுக்கு நன்றி சொல்லி ஒரு சின்னமே எழுப்பியிருக்கிறார்கள். உங்கள் மாமாவும் வந்தவாசிக்காரப் பெண்ணும் மல்லாட்டையைப் பற்றிப் பேசிக்கொள்ள அந்த வண்டும் ஒரு காரணம்.)

சரி, நல்ல சேதிக்கு வருகிறேன். இருபது வருடம் முன்பு இந்தத் தாள் வந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன். அப்போதெல்லாம் நீதிபதி பெரும்பாலும் ஏலத்துக்கு உத்தரவு போடுவார், கோர்ட் வாசலில் ஏலம் நடக்கும், கையில் ரொக்கம் வைத்திருப்பவர் அந்தக் கம்பெனி ஒருவர்தான். அடிமாட்டு விலைக்கு முடிந்துவிடும். தாமஸ் மிட்செல் என்ற சட்டப் பேராசிரியர் முன்னின்று வரைந்த ஒரு மாதிரிச் சட்டம் 2010-ல் வெளிவந்தது. அவருக்கு 2020-ல் மெக்ஆர்தர் விருது கிடைத்ததும் இந்த வேலைக்காகத்தான். தென் மாநிலங்களில் ஜார்ஜியா முந்திக்கொண்டு 2012-லேயே அதைச் சட்டமாக்கிவிட்டது. நம் ஊரில் 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் நாலாவது பிரிவு, வெளியாள் ஒருவர் குடும்ப வீட்டில் பங்கு வாங்கிப் பிரிக்கச் சொன்னால் அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம் என்கிறது. அந்த யோசனையை வயலுக்கும் விரித்து, விலையை நிர்ணயிக்க ஒழுங்கான வழியும் வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன்படி கோர்ட் முதலில் இது வாரிசுச் சொத்துதானா என்று பார்க்கும். உங்களுடையது அதற்குள் வரும் என்றே தோன்றுகிறது. அடுத்து இரண்டு பக்கமும் சேராத மதிப்பீட்டாளரை வைத்து மொத்த நிலத்துக்கும் சந்தை விலை போடும். அதன்பிறகு, விற்கச் சொல்லிக் கேட்ட கம்பெனியின் பங்கை வாங்கிக்கொள்ள மற்றப் பங்காளிகளுக்கு வாய்ப்பு வரும். வாங்குகிறோம் என்று சொல்ல 45 நாள். பணம் கட்டக் குறைந்தது இன்னும் 60 நாள் கிடைக்கும். நீங்கள் வாங்க வேண்டியது 84 ஏக்கரை அல்ல, கம்பெனி கையில் இருப்பதை மட்டும்தான். ஒரு பேச்சுக்கு ஏக்கர் 4,000 டாலர் என்று வையுங்கள். மொத்தம் 3,36,000. முப்பத்தைந்தில் ஒரு பங்குக்கு 9,600 டாலர். அட்லாண்டாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் புரட்ட முடியாத தொகையா அது?

ஆனால் அந்தத் தொகை அப்படியே நிற்காது. கம்பெனி இப்போதே மற்ற நாலு அத்தை பிள்ளைகளுக்கும் கடிதம் போட்டிருக்கும். ஒவ்வொருவர் விற்கும்போதும் உங்கள் 9,600 இரண்டாகும், மூன்றாகும். பங்காளிகளில் ஒருவர் ‘எனக்கும் விற்பதே சம்மதம்’ என்று மனுவில் சேர்ந்துகொண்டால் அவர் பங்கையும் வாங்கியாக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், இந்த வழக்கில் பாதி கோர்ட்டில் நடக்கிறது, மீதி டெலிபோனில் நடக்கிறது.

தாளைப் பைபிளுக்குள்ளேயே வைத்திருந்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சம்மன் வாங்கியும் வழக்கில் ஆஜராகாத பங்காளிகளின் பாகத்தை, ஆஜரான மற்றவர்களுக்கு விற்க அனுமதி கேட்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. மாமா பேசாமல் இருந்தால் அவருடைய நாலு ஏக்கருக்கே ஆபத்து. இதை அவரிடம் மறைக்க வேண்டாம்.

கம்பெனியின் பங்கை யாரும் வாங்க முடியாமல் போனாலும் நேராக விற்பனைக்குப் போய்விடாது. நிலத்தை அளந்து பிரித்துக் கொடுக்க முடியுமா என்றுதான் நீதிபதி முதலில் பார்க்க வேண்டும். தலைமுறைகளாக அந்தக் குடும்பத்துக்கு நிலத்தின் மேல் இருக்கும் பிடிப்பு, யார் உழுகிறார், யார் வரி கட்டினார் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கச் சட்டமே சொல்கிறது. நிலத்தில் குடும்பக் கல்லறை இருந்தால் அதைப் படமெடுத்துக் கொடுங்கள். விற்றே ஆக வேண்டும் என்று வந்தாலும், பொதுவாகத் தரகர் மூலம் சந்தையில், மதிப்பிட்ட விலைக்குக் குறையாமல் விற்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாய் திறக்கலாமா? நீங்கள் பங்காளி இல்லை, கையெழுத்துப் போட முடியாது. ஆனால் போன் செய்ய உங்களை விடப் பொருத்தமான ஆள் அந்த வீட்டில் இல்லை என்பேன். மாமா போன் செய்தால் 1979-ல் யாரோ கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத டிராக்டர் கதை வந்துவிடும். ‘வரி நாங்கள் கட்டினோம்’ என்பார் இவர், ‘விளைச்சலை நீதானே தின்றாய்’ என்பார் அவர். உங்களிடம் பழைய கணக்கு ஒருவருக்கும் கிடையாது. ‘நான் உங்கள் அண்ணன் வீட்டு மருமகள், குடும்ப மரம் எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பியுங்கள். முதல் போனில் நிலப் பேச்சை எடுக்க வேண்டாம். இரண்டாவது போனில், கம்பெனியிடமிருந்து கடிதம் வந்ததா, கையெழுத்துப் போடும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்வீர்களா என்று கேளுங்கள். நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுங்கள்: காசு வேண்டும் என்றால் கம்பெனி தருவதைவிடக் கூடுதலாகக் குடும்பமே தரும் என்று. அவர்களுக்கும் அது உரிமைதானே. ‘இதில் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லி வெற்றுத் தாளையோ அரைகுறை விடுதலைப் பத்திரத்தையோ மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும்.

இதற்கு ஆவணமும் வேண்டும். மாமா தாளை மறைத்து வைத்த அதே பைபிளின் முன்பக்கங்களைப் பாருங்கள். பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் கைப்பட எழுதி வைப்பது அந்த வீடுகளில் வழக்கம். அடுத்தது சர்ச்சில் அடக்க ஆராதனை அன்று கொடுக்கும் அச்சிட்ட தாள்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, உயிரோடு இருக்கும் பிள்ளைகள் பெயர், முன்னாலேயே போனவர்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். கிழவிகள் அவற்றை ஷூ பெட்டியில் சேர்த்து வைத்திருப்பார்கள். நம் ஊரில் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் அலைகிற அலைச்சலை நினைத்தால், அந்த ஷூ பெட்டி ஒரு பொக்கிஷம். ஏழு பிள்ளைகளுக்கு ஏழு தாள் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் கீழே கீழே எழுதிக்கொண்டு வாருங்கள். ஜூலையில் குடும்பக் கூடுகை நடத்துவார்கள் என்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒருவர் உயில் இல்லாமல் இறந்திருக்கிறாரா, மனைவி மறுமணம் செய்தாரா, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை உண்டா என்பதையும் விடாமல் குறியுங்கள். சங்கடமான கேள்விதான். வழக்கில் எதிராளி கேட்பதைவிட நீங்கள் கேட்பது நல்லது.

மாமாவிடம் எப்படிப் பேசுவது? மேஜையில் தாளை விரித்து வைத்துப் பாடம் நடத்தாதீர்கள். பச்சைக் கடலையை உப்புப் போட்டு வேகவைத்துத் தின்பது அந்த ஊரிலும் உண்டு, உங்கள் ஊரிலும் உண்டு. ஒரு குண்டான் வேகவைத்து வராந்தாவில் உட்காருங்கள். நியூ கம்யூனிட்டீஸ் பற்றி அவரிடம் கேளுங்கள், அந்தப் பக்கத்து ஆள் என்பதால் தெரிந்திருக்கும். 1969-ல் ஆல்பனி ஊருக்குப் பக்கத்தில் கறுப்பின விவசாயிகள் சேர்ந்து அமைத்த 5,700 ஏக்கருக்கு மேற்பட்ட கூட்டுப் பண்ணை. வினோபாவின் கிராமதானம் அதற்கு ஒரு முன்மாதிரி. வறட்சி வந்தபோது அரசின் அவசரக் கடன் சரியான நேரத்தில் கிடைக்காமல் 1985-ல் கைவிட்டுப் போனது. விவசாயத் துறை கடன் கொடுப்பதில் நிறம் பார்த்தது என்று கறுப்பின விவசாயிகள் போட்ட பிக்ஃபோர்ட் வழக்கில் 1999-ல் சமரசம் ஏற்பட்டது. அதன் வழியாக 2009-ல்தான் அந்தப் பண்ணைக்கும் இழப்பீடு கிடைத்தது. மாமா வக்கீல்களையும் அலுவலகங்களையும் நம்பாததற்கு அந்த ஊரிலேயே காரணம் இருந்தது. அவர்களுக்கு இழப்பீடு வாங்கித் தந்ததும் தாளும் வக்கீலும்தான். இதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, கதையைச் சொல்லும்போது அவரே சொல்லிவிடுவார்.

வக்கீலுக்கு எங்கே போவது என்றால், வாரிசுச் சொத்துக்காகவே நடக்கும் ‘ஜார்ஜியா எயர்ஸ் ப்ராப்பர்ட்டி லா சென்டர்’ என்ற லாப நோக்கில்லாத அமைப்பை முதலில் அழையுங்கள். 1967-லிருந்து இயங்கும் ‘ஃபெடரேஷன் ஆஃப் சதர்ன் கோஆப்பரேட்டிவ்ஸ்’ கறுப்பின விவசாயிகள் நடத்துவது. வக்கீல் என்றால் எழுந்து போகிற மாமா அவர்கள் ஆள் என்றால் உட்காரக்கூடும். எவராவது ‘காசு வேண்டாம், நிலத்தில் ஒரு பங்கு கொடுங்கள்’ என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். என் பதில் பொதுவான வழிகாட்டல்தான். தாளைப் படித்துக் கோர்ட்டில் நிற்கப்போகிறவர் சொல்வதே இறுதி.

மாமாவிடம் விவசாயத் துறையின் பண்ணை எண் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் தாத்தா பெயரில் இருந்ததால் இல்லாமல் போயிருக்கலாம். அந்த எண் இல்லாமல் அரசுக் கடனோ பேரிடர் உதவியோ கிடையாது. 2018 விவசாயச் சட்டத்துக்குப் பிறகு வாரிசுச் சொத்து உழுபவர்கள் வேறு ஆவணங்களைக் காட்டியும் எண் வாங்கலாம்.

கம்பெனியின் பங்கு திரும்பி வந்த பிறகும் மற்றப் பங்குகள் சிதறித்தான் கிடக்கும். சம்மதிக்கும் எல்லோர் பாகத்தையும் ஒரு குடும்ப எல்.எல்.சி.க்கு (குடும்பத்தார் சேர்ந்து பதிவு செய்யும் நிறுவனம்) மாற்றினால் அவர்கள் கையில் நிலத்தின் பாகத்துக்குப் பதில் நிறுவனத்தின் பங்கு இருக்கும், அதை வெளியாளுக்கு விற்கக் கூடாது என்று விதியும் எழுதிக்கொள்ளலாம். முப்பது நாற்பது பேரைச் சம்மதிக்க வைக்க வருடக்கணக்காகும். அதுவரை பொறுக்காமல் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மாமா தன்னுடைய பாகத்துக்கு ஓர் உயில் எழுத வேண்டும். ஜார்ஜியாவில் அதற்கு இரண்டு சாட்சிகள் தேவை. உயிலில் ஏதாவது பெறப்போகிறவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடக்கூடும். அதனால் நீங்களும் உங்கள் கணவரும் பேனாவைத் தொடாதீர்கள். சர்ச்சில் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.